தோட்டத்துப் பிள்ளைகள் கிளினிக்: ஊசியில் குறையில்லை, விளக்கத்தில்தான் குறை

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவை, ராகலை, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை எடுத்தாலும், மாதத்தில் ஒரு நாள் பிள்ளைக் காம்பராவிலோ (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) டிஸ்பென்சரியிலோ கிளினிக் வைப்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) ஒபிசிலிருந்து குளிர்ப் பெட்டியோடு ஆட்கள் வருவார்கள். மிட்வைஃப் மிஸ் பிள்ளையின் சுகாதாரக் கொப்பியைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். பிள்ளையை நிறுப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், தேதி வந்திருந்தால் ஊசி போடுவார்கள். ஒரு சதம் வாங்குவதில்லை. இலவசம் என்பதாலேயே இதை யாரும் கடையையோ ஆஸ்பத்திரியையோ அலசுவதுபோல அலசுவதில்லை. அலச வேண்டிய சேவை இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்தின் தரத்திலும் தேதிக் கணக்கிலும் இந்தக் கிளினிக்கைத் தாராளமாக நம்பலாம். தேசிய அட்டவணையில் உள்ள ஊசிகளுக்காகக் காசு கட்டி டவுனுக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் ஏன் இந்த மாதம், ஏன் மறுபடியும் அதே ஊசி, ஏன் காய்ச்சல் என்பதை அம்மாமாருக்குச் சொல்வதில் கிளினிக் பின்தங்கி நிற்கிறது. சொல்லாததால்தான் ஆட்கள் இடையில் நின்றுவிடுகிறார்கள். கொப்பியில் உள்ள ஒவ்வொரு தேதியும் பிள்ளையின் உடம்பு கிருமியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும் வேகத்தைப் பார்த்துப் போட்ட தேதி. அது புரிந்த தாய் தேதியைத் தவறவிட மாட்டார்.

முதல் ஊசி காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. அதைப் பிள்ளை ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன்பே, முடிந்தவரை 24 மணித்தியாலத்துக்குள், இடது கையின் மேற்பகுதியில் தோலுக்குள் 0.05 மில்லிலீற்றர் போடுவார்கள். காசநோய்க் கிருமி விசித்திரமானது. உடம்பின் விழுங்கும் கலங்கள் (செல்கள்) அதை விழுங்கினாலும் அது சாகாமல் உள்ளேயே குடியிருந்துவிடும். டி-கலங்கள் என்ற காவல் கலங்கள் வந்து ஒரு இரசாயனச் செய்தி கொடுத்தால்தான் விழுங்கிய கலத்துக்குக் கொல்லும் பலம் வரும். அந்த டி-கலங்களைப் பழக்குவதுதான் பி.சி.ஜி.யின் வேலை. ஊசி போட்டு இரண்டு மூன்று கிழமையில் சின்னக் கட்டி எழும்பும், பிறகு உடைந்து புண்ணாகும், மூன்று மாதமளவில் ஆறித் தழும்பாகும். இந்தப் புண் உடம்பு பாடம் படிக்கிற இடம். அதன்மேல் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். விபூதியை நெற்றியில் பூசுங்கள், புண்ணில் பூசாதீர்கள். வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்தால் போதும். ஆறு மாதம் தாண்டியும் தழும்பு இல்லையென்றால் கிளினிக்கில் காட்டுங்கள், ஐந்து வயதுக்குள் மறுபடி போடலாம். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பி.சி.ஜி. சிறுபிள்ளைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் வகையையும் நன்றாகத் தடுக்கும். பெரியவர்களின் நுரையீரல் காசத்துக்கு அவ்வளவு காப்பில்லை. ஆகவே லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில்) யாருக்காவது இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால், பிள்ளைக்குத் தழும்பு இருக்கிறதே என்று சும்மா இருக்காமல் சளியைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

அடுத்து 2, 4, 6 மாதங்கள். அம்மாமார் அதிகம் பயப்படுவதும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் அதிகம் ஏச்சு வாங்குவதும் இந்த மூன்று தேதிகளில்தான். தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஐந்து நோய்க்கான ஒரே ஊசி, வாயில் போலியோ சொட்டு, அதோடு 2, 4 மாதங்களில் போலியோவுக்கு ஊசியும் உண்டு. இலங்கை இந்த ஐந்து நோய் ஊசிக்கு மாறியது 2008இல். தொண்டைக் கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரலழற்சி பி, ஹிப் (பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஒரு பற்றீரியா) ஆகியவை அந்த ஐந்து. 0.5 மில்லிலீற்றர் மருந்துக்குள் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. தொண்டைக் கரப்பானினதும் ஏற்புவலியினதும் நஞ்சு வீரியம் நீக்கப்பட்டு இருக்கிறது, குக்கல் கிருமி கொல்லப்பட்டு இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் கிருமியின் மேலுறைத் துண்டுகள் மட்டுமே. கூடவே கொஞ்சம் அலுமினிய உப்பு.

அந்த உப்பு தசையை இலேசாக உறுத்தும். உறுத்தல் கண்ட இடத்துக்குக் காவல் கலங்கள் ஓடிவரும். அவற்றில் கிளை விட்ட ஒரு வகைக் கலம் மருந்துத் துண்டுகளை விழுங்கி, நறுக்கி, தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு கவட்டிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகும். கணுவில் டி-கலங்களும் பி-கலங்களும் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு கலமும் ஒரேயொரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும். பிள்ளை பிறக்கும்போதே கோடிக்கணக்கான வடிவங்களுக்கு ஆள் தயார், ஆனால் ஒரு வடிவத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவே ஆள் இருக்கும். பொருந்துகிற கலம் சிக்கியதும் அது பெருகத் தொடங்கும். பெருகும்போது பி-கலம் தன் பிடியைச் சற்றே மாற்றி மாற்றிப் பார்க்கும். கொழுந்து நிறுக்கும்போது முற்றலைப் பொறுக்கி எறிவதுபோல, சரியாகப் பிடிக்காத கலங்கள் அங்கேயே கழிக்கப்படும், இறுக்கிப் பிடிப்பவை மட்டும் மிஞ்சும். அவைதான் கிருமியைப் பிடிக்கும் பிறபொருளெதிரி என்ற புரதத்தை இரத்தத்தில் கொட்டும்.

இதற்கெல்லாம் கிழமைக் கணக்கில் நேரம் பிடிக்கும். முதல் ஊசிக்குப் பிறகு பிறபொருளெதிரி தென்படவே ஒன்றிரண்டு கிழமை ஆகும். வருவதும் குறைவாக இருக்கும், சீக்கிரம் வடிந்துவிடும். அடுத்த ஊசியை அவசரப்பட்டு பத்தாம் நாளில் போட்டால் கணுவில் பொறுக்கல் வேலை முடிந்திருக்காது. அதனால்தான் குறைந்தது நான்கு கிழமை இடைவெளி, நம் அட்டவணையில் இரண்டு மாதம். பிந்திவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. படித்த பாடத்தை மறக்காத நினைவுக் கலங்கள் காத்திருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் பிந்தும் ஒவ்வொரு கிழமையும் பிள்ளை குக்கலுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. குக்கல் உயிரை எடுப்பது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்தான்.

ஹிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பற்றீரியா சர்க்கரைப் போர்வை போர்த்திக்கொண்டு வரும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பி-கலத்துக்கு வெறும் சர்க்கரையைக் காட்டினால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் டி-கலம் சர்க்கரையைப் பார்க்காது, புரதத்தைத்தான் பார்க்கும். அதனால் தடுப்பு மருந்தில் சர்க்கரையை ஒரு புரதத்தோடு கட்டிவிட்டிருக்கிறார்கள். சர்க்கரையைப் பிடிக்கும் பி-கலம் கூடவே கட்டியிருக்கும் புரதத்தையும் விழுங்கி அதன் துண்டை டி-கலத்திடம் நீட்டும், டி-கலம் உதவிக்கு வரும். இந்த ஒரு முடிச்சால் பிள்ளைகளின் மூளைக்காய்ச்சல் எத்தனையோ தடுக்கப்பட்டிருக்கிறது. தடுப்பூசி விஞ்ஞானத்தில் இதைவிட அழகான வேலை அதிகம் இல்லை.

ஏற்புவலி தோட்டத்தில் தனிக் கவனம் வேண்டிய நோய். கிருமி மண்ணில் இருக்கிறது, கவாத்துக் கத்தி வெட்டிலும் முள் குத்திலும் உள்ளே போகும். ஆளைக் கொல்வது அது விடும் நஞ்சு. கொல்லத் தேவையான நஞ்சு அவ்வளவு சொற்பம், அதை வைத்து உடம்பால் பாடம் படிக்க முடியாது. ஏற்புவலி வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரும், ஊசி போட்டால்தான் காப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் போட்டிருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு உதவாது, ஏனென்றால் இது ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. கர்ப்பத்தில் அம்மாவுக்குப் போடும் ஊசியில் உண்டாகும் பிறபொருளெதிரி நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போய் முதல் மாதங்களைக் காக்கும்.

போலியோவுக்கு ஏன் சொட்டும் ஊசியும் என்று கேட்பவர்கள் உண்டு. சொட்டு குடலின் உட்சுவரிலேயே காவல் வைக்கும், வைரசு குடலில் பெருகி மலத்தோடு போய் அடுத்தவருக்குப் பரவாது. ஊசி இரத்தத்தில் காவல் வைத்து நரம்புக்குப் போகும் வழியை அடைக்கும். பிள்ளை சொட்டைத் துப்பிவிட்டால் அங்கேயே சொல்லுங்கள், மறுபடி விடுவார்கள். இலங்கையில் கடைசி போலியோ நோயாளி 1993இல்.

9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி. இது உயிருள்ள ஆனால் பலமிழந்த வைரசு. உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் பாடம் பதியும். தாய் கொடுத்த பிறபொருளெதிரி பிள்ளையின் இரத்தத்தில் இன்னும் இருந்தால் அது இந்த ஊசி வைரசையும் பெருகுமுன்னே பிடித்து அழித்துவிடும். தாயின் காப்பு வடியும் நேரமும் பிள்ளைக்கு நோய் வரக்கூடிய நேரமும் சந்திக்கும் இடத்தில்தான் 9 மாதம் நிற்கிறது. அப்படியும் 9 மாதத்தில் போட்டால் 100 பேரில் ஏறக்குறைய 85 பேருக்கே சின்னமுத்துக்கு எதிராகக் காப்பு பதியும். 3 வயதில் போடுவது மிச்ச 15 பேருக்காக. யார் அந்த 15 பேர் என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது, எனவே எல்லோருக்கும் போட வேண்டியிருக்கிறது. ஊசியை விட்டுவிடுவதால் என்ன நடக்கும் என்று நாடே பார்த்தது. 2019இல் சின்னமுத்து ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, 2023இல் நோய் திரும்பி வந்தது. சின்னமுத்து வைரசு நினைவுக் கலங்களையே தாக்கும். ஏற்கெனவே வேறு நோய்களுக்குப் படித்து வைத்ததைக்கூட அழித்துவிடும், அதனால் குணமான பின்னும் பல மாதம் பிள்ளை நோஞ்சானாகவே இருக்கும்.

12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. அதில் விளக்க அதிகம் இல்லை, ஒரு தடவையோடு சரி.

இனிக் குளிர்ப் பெட்டி. சேவையின் தரத்தை அளக்க இதைவிட நல்ல இடம் இல்லை. எல்லா மருந்தும் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் மருந்து தானாகவே பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது தவறு. சூட்டில் முதலில் கெடுவது போலியோ சொட்டு. ஆனால் ஐந்து நோய் ஊசியைக் கெடுப்பது உறைவு. உறைந்தால் அலுமினிய உப்பு திரண்டு மருந்தை விட்டுப் பிரிந்துவிடும், பிறகு எவ்வளவு உருக்கினாலும் பழைய நிலைக்கு வராது. வெளியே பார்த்தால் அதே வெண்மைக் கலங்கல்தான். போட்டால் வலி இருக்கும், காப்பு இருக்காது. வெயில் காலத்துக்கு ஏற்றபடி முடுக்கிவைத்த பிரிஜ், ஜனவரி, பெப்ரவரி பனி இரவில் 2 பாகைக்குக் கீழே இறங்கக்கூடும். பிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பொதியை உடனே பெட்டியில் அடுக்கினால் ஒட்டி நிற்கும் மருந்து உறையும். பொதியை வெளியே வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருந்து அடுக்குவதே முறை. உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அதே தொகுதிப் போத்தல் ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் சேர்த்துக் குலுக்கி வைப்பார்கள். இரண்டிலும் ஒரே வேகத்தில் அடியில் படிந்தால் சந்தேகப் போத்தல் குப்பைக்கு.

அம்மாமார் தாங்களே பார்க்கக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பல போத்தல்களின் லேபலிலோ மூடியிலோ ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. சதுரமும் வட்டமும் ஒரே கருமையானால் அந்த மருந்து சூட்டில் கெட்டுவிட்டது. உறைந்ததை அந்த அடையாளம் காட்டாது. சின்னமுத்து ஊசியும் பி.சி.ஜி.யும் தூளாக வரும், அதற்கென்றே வந்த திரவத்தில்தான் கரைக்க வேண்டும். கரைத்து 6 மணித்தியாலம் போனாலோ கிளினிக் முடிந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது வீசிவிட வேண்டும். மிச்சம் வைத்தால் அதில் வேறு பற்றீரியா வளர்ந்து பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகும். “இன்றைக்குப் பிள்ளைகள் குறைவு, சின்னமுத்து ஊசிக்கு அடுத்த தடவை வாங்க” என்று சொல்லப்படுவதற்கு, பத்துப் பேர் போத்தலை ஒரு பிள்ளைக்காக உடைக்கத் தயங்குவதும் ஒரு காரணம். தயங்கத் தேவையில்லை. மருந்து வீணாவதைவிடப் பிள்ளை காப்பில்லாமல் திரும்புவது மோசம். இந்த விடயத்தில் கேட்டு வாங்கலாம்.

ஊசி போட்ட பின் 20 முதல் 30 நிமிடம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். கொழுந்துக்குப் போக வேண்டும் என்று ஓடாதீர்கள். மிக அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் இந்த அரை மணிக்குள்தான் வரும், அதற்கான அட்ரினலின் அங்கே கைவசம் இருக்கும், லயத்தில் இருக்காது. காய்ச்சலைப் பொறுத்தவரை, இரண்டு ஊசிகளும் இரண்டு விதம். ஐந்து நோய் ஊசிக்கு அன்று இரவே காய்ச்சல் வரும், இரண்டு நாளில் விடும். கொன்ற குக்கல் கிருமியைக் காவல் கலங்கள் உடனே கண்டுகொள்வதால் வரும் சூடு அது. சின்னமுத்து ஊசிக்கு அன்று ஒன்றும் இருக்காது, 7 முதல் 12 நாளுக்குள் காய்ச்சலும் சில நேரம் மெல்லிய தடிப்பும் வரும். வைரசு பெருக அத்தனை நாள் எடுக்கிறது. இதை முன்கூட்டிச் சொல்லாததால் பத்தாம் நாள் காய்ச்சலோடு டிஸ்பென்சரிக்கு ஓடுபவர்களும், அம்மை என்று வேப்பிலை கட்டி வீட்டுக்குள் வைப்பவர்களும் உண்டு.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும், நிறைக்கு ஏற்ப கிலோவுக்கு 15 மில்லிகிராம். 5 கிலோ பிள்ளைக்கு 75 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் ஏறக்குறைய 3 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். போத்தல் லேபலைப் படித்துவிட்டுக் கொடுங்கள், பாணிக்குப் பாணி செறிவு வேறு. தேக்கரண்டியால் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சால் அளங்கள். காய்ச்சல் வருமுன்னே காப்புக்காகக் கொடுக்க வேண்டாம், உடம்பின் பதில் மந்தமாகலாம். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளை துவண்டு வெளிறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு. அடுத்த கிளினிக்கிலும் மறக்காமல் அதைச் சொல்ல வேண்டும்.

தடிமன், இலேசான இருமல், வயிற்றோட்டம், நிறை குறைவு எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமில்லை. 38.5 பாகைக்கு மேல் காய்ச்சல் என்றால் தள்ளலாம். மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கும் கணக்கு பிறந்த தேதியிலிருந்தேதான். நிறை குறைந்த பிள்ளைகள் தோட்டங்களில் அதிகம், அவர்களுக்குத்தான் இந்த ஊசி இன்னும் அவசரம்.

குறைகளுக்கு வருவோம். கிளினிக் நாள் வேலை நாளில் விழுகிறது. காலை எட்டரைக்கு வரச் சொல்லி ஊசி தொடங்கப் பத்தரை ஆனால் அந்த அம்மாவின் பேர் (அன்றைய நாள் சம்பளக் கணக்கு) போகிறது, அரைப் பேர்கூடப் போடாத தோட்டங்கள் உண்டு. நிறுப்பதை ஒரு பக்கமும் ஊசியை ஒரு பக்கமும் ஒரே நேரத்தில் தொடங்கினாலே பாதி நேரம் மிச்சம். தமிழ் தெரியாத உத்தியோகத்தர் வரும் இடங்களில் அடுத்த தேதியை எழுதிக் கொடுப்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. மொழிபெயர்க்கப் பிள்ளைக் காம்பரா பொறுப்பாளரை முறையாகப் பக்கத்தில் இருத்தலாம், அவருக்குப் பிள்ளைகளின் பேரும் குடும்பமும் தெரியும்.

பெரிய ஓட்டை 18 மாதத்தில் போடும் ஊசி. 12 மாதத்துக்குப் பிறகு அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார், பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கும், கொப்பி பெட்டிக்கடியில் போயிருக்கும். அந்த வயதில்தான் முதல் மூன்று ஊசியின் பிறபொருளெதிரி வடிந்திருக்கும், நினைவுக் கலங்கள் மட்டும் மிச்சம். 18 மாத ஊசி அவற்றை எழுப்பினால் சில நாளிலேயே முன்னைவிடப் பலமடங்கு காப்பு கொட்டும், வருடக்கணக்கில் நிற்கும். விட்டால் குக்கல் பிள்ளையைப் பிடித்து, வீட்டில் அடுத்துப் பிறந்த கைக்குழந்தைக்குப் போகும். பிள்ளைக் காம்பராச் சுவரில் 18 மாதம் நிறையும் பிள்ளைகளின் பேரை ஒவ்வொரு மாதமும் ஒட்டினால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

கொழும்புக்கோ வேறு தோட்டத்துக்கோ மாறிப் போகிறவர்கள் கொப்பியைக் கையோடு கொண்டுபோனால் எந்த எம்.ஓ.எச். கிளினிக்கிலும் மிச்ச ஊசியைப் போடலாம். ஊசிப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வைத்திருங்கள். 5 வயது ஊசிக்கும், பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்குப் போடும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பு ஊசிக்கும், ஏழாம் வகுப்பு ஏற்புவலி ஊசிக்கும் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பார்கள்.